ஆடக் கற்ற குதிரை வண்டியேறக் கல்லாதது ஏன்?

ராஜஸ்தானில் புஷ்கர் சந்தை கலையும் நாள்களில், மணல்வெளியின் ஓரத்தில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப நிகழும். பின்கதவு இறக்கிய லாரி ஒன்று மண்மேட்டை ஒட்டி நிறுத்தப்படும். குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் முன்னே ஏறி நிற்பார். குதிரை மேட்டின் விளிம்புவரை வரும். முன்னங்கால்களை ஊன்றி நின்றுவிடும். மூக்குத் துளைகள் விரியும்; காதுகள் முன்னும் பின்னும் அசையும். முதலில் தட்டிக்கொடுப்பார்கள். பிறகு கயிற்றை இழுப்பார்கள். அதன்பின் இருவர் அதன் பின்தொடைக்குக் குறுக்கே கயிறு போட்டு முன்னுக்குத் தள்ளுவார்கள். அதுவும் பலிக்காவிட்டால் கண்ணைத் துணியால் கட்டுவார்கள். அல்லது மேலுதட்டில் கயிற்றுச் சுருக்கிட்டு முறுக்குவார்கள். எப்படியோ குதிரை ஏறிவிடும். கதவு சாத்தப்படும். சுற்றி நின்றவர்கள் அதன் அடத்தைப் பற்றி ஓரிரு சொற்கள் பேசிவிட்டு அடுத்த லாரியை நோக்கி நகர்வார்கள்.

அதே சந்தையில், முந்தைய நாள் மாலையில், அதே மார்வாரிக் குதிரை தோல் கொட்டின் தாளத்துக்கு ஏற்பக் கால் மாற்றி ஆடியிருக்கக்கூடும். வடநாட்டுத் திருமணங்களில் மணமகனைச் சுமக்கும் பெட்டைக் குதிரையையும் இங்கே நினைவில் கொள்ளலாம். பித்தளைக் குழல்களின் பேரொலி, தலைமீது தூக்கிச் செல்லப்படும் விளக்குகள், காலடியில் வெடிக்கும் பட்டாசு ஆகிய அனைத்துக்கும் நடுவே அது நிதானமாக நடக்கிறது. பிறவியிலேயே அஞ்சி ஓடும் இயல்புடைய ஒரு விலங்கு இவ்வளவையும் தாங்கிக்கொள்கிறது. நான்கு சக்கரத்தின்மேல் நிற்கும் ஒரு மரத்தளத்தை மட்டும் தாங்க மறுக்கிறது. இந்த முரணுக்கு விடை குதிரையின் குணத்தில் இல்லை. ஆடுவதற்கும் ஊர்வலத்தில் நடப்பதற்கும் அதற்குப் பல மாதங்கள் கற்றுத்தரப்பட்டன. வண்டியேறுவதற்கு ஒரு நாள்கூடக் கற்றுத்தரப்படவில்லை. பயணம் புறப்படும் நாளே அதற்குப் பாடம் நடக்கும் நாளாகவும் தேர்வு நடக்கும் நாளாகவும் ஆகிவிடுகிறது.

'அடம்' என்ற சொல் வசதியானது. வண்டியையும் ஓட்டுநரையும் மேட்டையும் அது விசாரணைக்கு அப்பால் நிறுத்திவிடுகிறது. குற்றவாளியாக விலங்கு மட்டுமே மிஞ்சுகிறது. ஆனால் லாரியின் வாசலில் நிற்கும் குதிரையின் நிலையிலிருந்து பார்த்தால், அதன் தயக்கம் மிகவும் அறிவார்ந்த முடிவாகவே தோன்றும். தலையின் இரு பக்கங்களிலும் கண்கள் அமைந்திருப்பதால் குதிரைக்குத் தன்னைச் சுற்றியுள்ள வெளி ஏறத்தாழ முழுவதும் தெரியும். ஆயினும் வாலுக்கு நேர்பின்னும், நெற்றிக்கு நேர்முன்னும், மூக்கின் கீழும் அதற்குப் பார்வை எட்டாத இடங்கள் உண்டு. தலையை உயர்த்திப் பிடித்து இழுக்கும்போது, எந்தத் தளத்தில் காலை வைக்க வேண்டுமோ அந்தத் தளமே அதன் கண்ணுக்கு மறைகிறது. வெயிலிலிருந்து இருட்டுக்குள் செல்லும்போது அதன் கண்கள் மனிதக் கண்களைவிட மெதுவாகவே பழகும். ஆகவே நண்பகலில் கூரையிட்ட வண்டியின் உட்புறம் அதற்கு ஒரு கருங்குழியாகத் தெரிந்தால் வியப்பில்லை. காலை வைத்தவுடன் தளம் வெற்றொலி எழுப்புகிறது, சற்றே அசைகிறது. திறந்தவெளியில் ஓடித் தப்பிப் பிழைத்த இனம், திரும்ப வழியில்லாத இடுக்கினுள் நுழையுமுன் தயங்குகிறது. இதில் அடம் எங்கே இருக்கிறது?

முதன்முறை ஏறும் குதிரையின் அச்சம் இது. பலமுறை ஏறிய குதிரை அஞ்சினால், அந்த அச்சத்தின் வேர் பெரும்பாலும் வாசலில் இருப்பதில்லை, சாலையில் இருக்கிறது. குதிரையின் உடல் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டை முன்னங்கால்கள் சுமக்கின்றன. வண்டி ஓடும்போது அது சும்மா நின்றுகொண்டிருப்பதாக மனிதருக்குத் தோன்றுகிறது. உண்மையில் ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு பிரேக்கிலும், ஒவ்வொரு வேகத்தடையிலும் 400 கிலோ எடையுள்ள ஓர் உடல் தன்னைச் சமன்செய்துகொண்டே இருக்கிறது. பயணத்தில் நிற்கும் குதிரை செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ நடக்கும் குதிரை செலவிடும் ஆற்றலுக்கு இணையானது என்று அளவீடுகள் காட்டியுள்ளன. ஆறு மணி நேரப் பயணம் முடிந்து இறங்கும் குதிரை ஆறு மணி நேரம் உழைத்திருக்கிறது. அந்த உழைப்பின் நடுவே இரண்டு முறை சறுக்கி விழுந்திருந்தால், அடுத்த முறை மண்மேட்டின் விளிம்பில் அது நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சிறந்த பழக்குநர் ஒருவர் பத்து நாள் செய்த வேலையை, முரட்டுத்தனமாக ஓட்டும் ஓட்டுநர் ஒருவர் முதல் வளைவிலேயே அழித்துவிட முடியும்.

மண்மேட்டில் நடக்கும் இழுபறியிலும் குதிரை கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. அழுத்தம் எந்தக் கணத்தில் விலகுகிறதோ, அந்தக் கணத்தில் தான் செய்த செயலையே குதிரை சரியான செயலாக மனத்தில் பதித்துக்கொள்ளும். கற்றல் கோட்பாட்டில் எதிர்மறை வலுவூட்டல் என்று வழங்கப்படுவது இதுவே. குதிரை பின்வாங்கி முன்னங்கால்களைத் தூக்குகிறது. பிடித்திருப்பவர் பயந்து கயிற்றைத் தளர்த்துகிறார். காலைத் தூக்கினால் கயிறு தளரும் என்ற பாடம் அங்கே முடிந்துவிட்டது. மறுபுறம், அது தயங்கித் தயங்கி ஓர் அடி முன்வைக்கும்போது, 'இதோ வருகிறது' என்று உற்சாகமடைந்து இன்னும் வலுவாக இழுக்கிறார்கள். முன்னே சென்றால் வலி கூடும் என்பது இரண்டாம் பாடம். கண்கட்டு இன்னொரு வகையான தீங்கு. அது அச்சத்தைத் தீர்ப்பதில்லை, ஒத்திவைக்கிறது. துணி அவிழும்போது, தான் எப்படி வந்தது என்று தெரியாத ஓர் இடத்தில் குதிரை நிற்கிறது. உதட்டுச் சுருக்கு மருத்துவர் ஊசி போடும் சில நிமிடங்களுக்கு உதவலாம். வண்டியேறும் பாடத்தில் அதைப் பயன்படுத்தினால் வண்டியும் வலியும் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். உளவியலார் ஆக்கநிலையிறுத்தம் என்று கூறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இதற்கு மாற்றான முறை புதிதன்று, புதிரும் அன்று. அதன் முதல் நிபந்தனை, புறப்பட வேண்டிய அவசரம் எதுவும் இல்லாத நாளில் அது தொடங்கப்பட வேண்டும் என்பதே. குதிரை முதலில் வண்டிக்கு வெளியே, தரையில், ஓர் எளிய செயலைத் தெளிவாகக் கற்க வேண்டும்: தலைக்கயிற்றின் மெல்லிய அழுத்தத்துக்கு ஓர் அடி முன்வருதல், ஓர் அடி பின்செல்லுதல். அழுத்தம் விரலளவு, அடி எடுத்த கணமே அது முற்றிலும் விலக வேண்டும். இந்த இரண்டு அடிகளை அறியாத குதிரையை வண்டிக்கு அழைத்துச் செல்வது, எழுத்தறியாத பிள்ளையிடம் விண்ணப்பப் படிவத்தை நீட்டுவதற்கு ஒப்பாகும். பிறகு தரையில் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன்மேல் நடக்கவிடலாம்; குளம்பின்கீழ் எழும் வெற்றொலிக்கு அது அங்கேயே பழகிக்கொள்ளும்.

வண்டியை நிழலும் வெயிலும் ஒரே சீராக இருக்கும் நேரத்தில், சமதளத்தில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்த வேண்டும். உட்புறம் வெளிச்சம் படுமாறு இருந்தால் பாதி வேலை முடிந்தது. சாய்தளம் செங்குத்தாக இல்லாமல், வழுக்காமல், காலின்கீழ் ஆடாமல் இருக்க வேண்டும். குதிரை அருகில் வந்து தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்க்கட்டும். தலை தாழ்வது அச்சம் தணிவதன் அடையாளம் மட்டுமன்று. தான் கால் வைக்கவிருக்கும் இடத்தை அது காண்பதற்கான வழியும் அதுவே. ஒரு முன்னங்காலை வைத்தால் போதும். அங்கேயே நிறுத்தி, கழுத்தின் அடியில் பிடரி தொடங்கும் இடத்தில் சொறிந்துகொடுத்து, பின்னால் இறக்கிவிட வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஏறிய காலை இறக்கவிடுவது தோல்வி என்று எண்ணுகிறார்கள். ஏறியபின் இறங்க முடியும் என்பதே குதிரை கற்க வேண்டிய பாடங்களுள் தலையாயது. வெளியே வர வழியுண்டு என்று அறிந்த விலங்குக்கு உள்ளே நிற்பது எளிது. ஒரு கால், இரு கால், நான்கு கால் என்று செல்லும் இந்தப் பாடம் ஒரு குதிரைக்கு இரண்டு நாளில் முடியலாம், மற்றொன்றுக்கு இரண்டு வாரம் ஆகலாம். முன்பு அடிபட்ட குதிரைக்கு இன்னும் நீளும். நாள்தோறும் கால் மணி நேரம் போதுமானது. அரைகுறையாக இருந்தாலும் நல்ல முறையில் முடிந்த ஒரு முயற்சியோடு அன்றைய பாடத்தை நிறுத்திவிடுவது நல்லது.

உள்ளே நிற்கத் தொடங்கியபின், அன்றாடத் தீவனத்தில் ஒரு பகுதியை வண்டியிலேயே கொடுக்கலாம். குதிரைமசால் சிறிது, ஊறவைத்த கொள்ளு ஒரு கை. ஆனால் தீவனத்தைக் காட்டி ஆசைகாட்டி உள்ளே இழுத்து, தின்னும்போது கதவைச் சாத்துவது கண்கட்டுக்குச் சற்றும் குறையாத ஏமாற்று வேலை; அது ஒரு முறைதான் பலிக்கும். அதன்பின் குறுக்குத் தடுப்பை ஒரு நொடி சாத்தித் திறப்பது, பிறகு சற்று அதிக நேரம் சாத்துவது, எஞ்சினை இயக்கிவிட்டு நகராமல் நிற்பது, நூறு அடி நகர்ந்து நிற்பது, ஊரை ஒருமுறை சுற்றி வந்து லாயத்திலேயே இறக்குவது என்று பாடம் நீளும். முதல் சில பயணங்கள் எங்கும் கொண்டுபோகாமல் வீட்டுக்கே திரும்ப வேண்டும். வண்டி என்றால் பிரிவு, அறியாத கூட்டம், ஊசி என்று மட்டுமே அறிந்த குதிரைக்கு, வண்டி என்றால் ஒரு சுற்றும் தீவனமும் வீடும் என்ற எதிர்ச்சான்று கிடைக்க வேண்டும்.

துணையின் பயன் பற்றிப் பழைய குதிரைக்காரர்கள் அறிந்திருந்ததை ஆய்வுகள் பின்னர் உறுதி செய்துள்ளன. அமைதியாகப் பயணம் செய்து பழகிய மூத்த குதிரை ஒன்று பக்கத்தில் நின்றால் இளங்குதிரையின் பதற்றம் குறைகிறது. துணை கிடைக்காதபோது, தனியே பயணம் செய்யும் குதிரையின் பக்கவாட்டில் உடையாத கண்ணாடி ஒன்றைப் பொருத்தி, அதன் பிம்பமே ஓரளவுக்குத் துணையாவதைப் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு பதிவு செய்தது. உயிருள்ள துணைக்கு அது ஈடாகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சந்தை லாரிகளில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. ஒருவரையொருவர் அறியாத ஆண்குதிரைகள் இரண்டை அருகருகே கட்டிவிட்டு, அவை கடித்துக்கொள்வதையும் குணக்கேடு என்கிறார்கள்.

பயணத்தின்போது குதிரையின் தலையை எப்படிக் கட்டுவது என்பது சிறிய செய்தி போலத் தோன்றும். அதன் உயிரே சில வேளைகளில் அதைச் சார்ந்திருக்கிறது. கடித்துக்கொள்ளாமல் இருக்கவும் திரும்பாமல் இருக்கவும் தலையை உயர்த்தி இறுக்கிக் கட்டுவது வழக்கம். குதிரை இயல்பாகத் தலையைத் தாழ்த்தி மேயும் விலங்கு. மூச்சுக்குழலில் சேரும் சளியும் தூசியும் தலை தாழும்போதுதான் வெளியேறுகின்றன. தலை பல மணி நேரம் உயர்ந்தே இருந்தால் கிருமிகள் கீழ்நோக்கி இறங்கி நுரையீரலை அடைகின்றன. நெடும்பயணத்துக்குப் பின் வரும் காய்ச்சலுக்கும் நுரையீரல் அழற்சிக்கும் இது ஒரு முதன்மைக் காரணம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் இந்த அபாயம் கூடுகிறது. ஆகவே சில மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிழலில் நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, தலையைத் தாழ்த்தவிட்டு, தண்ணீர் காட்ட வேண்டும். முகத்துக்கு நேரே உலர்ந்த வைக்கோலைக் கட்டித் தொங்கவிட்டால் தூசி நேரடியாக மூக்கில் ஏறும்; நனைத்துக் கட்டுவது நலம். கால்களை அகட்டி ஊன்ற இடம் வேண்டும். மிக நெருக்கமாக அடைத்தால் குதிரை விழாது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மையில் காலை அகட்ட முடியாத குதிரைதான் சமநிலை இழந்து சுவரில் மோதுகிறது.

மயக்க மருந்தை நாடுவோரும் உண்டு. அசிப்ரோமசின் போன்ற மருந்துகள் குதிரையைச் சாந்தமாகக் காட்டும். கூடவே இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், கால்களின் உறுதியைத் தளர்த்தும், வெப்பத்தைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கும். நகரும் தளத்தில், கோடை வெயிலில், இந்த மூன்றும் ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றன. தவிர்க்க முடியாத நிலையில் கால்நடை மருத்துவர் நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டிய ஒன்றை, மருந்துக் கடையில் வாங்கி லாரியடியில் செலுத்துவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1978இல் விலங்குகள் போக்குவரத்து விதிகள் இயற்றப்பட்டன. குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றுக்கு அவற்றில் தனி அத்தியாயமே உண்டு. பயணத்துக்கு ஏற்ற உடல்நிலை உள்ளது என்ற மருத்துவச் சான்று, ஒரு வண்டியில் நான்கு முதல் ஆறு குதிரைகள், இடையே தடுப்பு, மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் ஆகியவற்றை அந்த விதிகள் கோருகின்றன. 2015இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 125-இ விதி, ஒரு குதிரைக்கு 2.25 சதுர மீட்டர் இடத்தை வரையறுத்தது. இவை தேவையற்றவை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் இவை அனைத்தும் குதிரையை எண்ணத்தக்க, அளக்கத்தக்க சரக்காகவே கருதுகின்றன. இந்தக் குதிரை இதற்குமுன் வண்டியில் நின்று பழகியதா, இந்த ஓட்டுநர் இதற்குமுன் உயிருள்ள சுமையை ஏற்றியவரா என்ற இரு கேள்விகளும் சான்றிதழில் இடம்பெறவில்லை.

வேக வரம்பையே எடுத்துக்கொள்வோர் எதிர்கொள்ள வேண்டிய ஒரு கணக்கு உண்டு. கார்த்திகையில் புஷ்கரில் நின்ற குதிரைகளுள் சில, டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில் தாபி ஆற்றங்கரையிலுள்ள சாரங்கேடா சந்தைக்கும் செல்கின்றன. இடையே உள்ள சாலைத் தொலைவு 600 கிலோமீட்டருக்கு மேல். மணிக்கு 35 கிலோமீட்டர் என்ற விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால், நிறுத்தங்களைச் சேர்க்காமலேயே பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நுரையீரல் அபாயம் கூடத் தொடங்கும் எல்லையை அது எளிதில் கடந்துவிடும். விதியை மதித்தால் பயணம் நீள்கிறது. மதிக்காவிட்டால் குலுக்கல் கூடுகிறது. 1978இன் சாலைகளையும் வண்டிகளையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்ட ஒற்றை எண், இன்றைய நான்குவழிச் சாலையில் எவராலும் பின்பற்றப்படாமல் காகிதத்தில் கிடக்கிறது. குதிரைக்கு ஊறு விளைவிப்பது வேகம் என்பதைவிட வேகத்தில் ஏற்படும் திடீர் மாற்றமே. பிரேக்கை மிதிக்கும் விதம், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தல், இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாய ஓய்வு ஆகியவற்றைப் பற்றிப் பேசும் விதியே இன்று தேவை.

பந்தயக் குதிரைகளின் நிலை வேறு என்பது உண்மை. பம்பாயின் மகாலட்சுமி மைதானத்திலும் புனேயிலும் பந்தயப் பருவங்கள் மாறி மாறி வருவதால், ஆண்டுதோறும் குதிரைகள் போர்காட் மலைப்பாதையில் ஏறி இறங்குகின்றன. முன்பு சென்னைக் கிண்டியிலிருந்து கோடைக்காலத்தில் உதகைக்கு ஏறிய குதிரைகளின் நிலையும் அவ்வாறே இருந்தது. திணிப்பு வைத்த தடுப்புகளும் சாய்தளமும் உள்ள, 'ஃப்ளோட்' எனப்படும் தனி வண்டிகள் அங்கே உண்டு. கூடவே குதிரைக்காரரும் செல்கிறார். விலை உயர்ந்த குதிரைக்குக் கிடைக்கும் இந்தக் கவனம், குதிரையைப் புரிந்துகொண்டதன் விளைவா, முதலீட்டைக் காப்பதன் விளைவா என்று பிரித்தறிவது கடினம். எவ்வாறாயினும், செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

சந்தைக் குதிரையின் உரிமையாளர் தரப்பில் நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. அவரிடம் சொந்த வண்டி இல்லை. லாரி ஒரு நடைக்கு வாடகைக்கு வருகிறது. வந்த ஒரு மணி நேரத்தில் ஏற்றியாக வேண்டும். காத்திருப்புக்குத் தனிக் கட்டணம். பத்து நாள் லாயத்தில் நிறுத்திப் பழக்க லாரிக்கு எங்கே போவது? இந்த மறுப்பை அலட்சியப்படுத்தும் எந்த அறிவுரையும் செல்வருக்கு மட்டுமே பயன்படும். ஆனால் பழகுவதற்கு ஓடும் வண்டி தேவையில்லை. கழித்துக்கட்டப்பட்ட லாரி ஒன்றின் உடற்பகுதி, அதன் தளம், இரு பக்கத் தடுப்பு, பின்கதவு, அதை ஒட்டி ஒரு நிரந்தர மண்சாய்தளம் ஆகியவை போதும். எஞ்சின் வேண்டாம், சக்கரமும் வேண்டாம். குதிரைகள் மிகுந்த ஊருக்கு ஒன்று, ஒவ்வொரு சந்தைத் திடலுக்கும் ஒன்று என்று இவற்றை நிறுவ ஆகும் செலவு, சந்தையின் தொடக்கவிழாப் பந்தல் செலவில் ஒரு சிறு பகுதியாகவே இருக்கும். புஷ்கருக்கும் சாரங்கேடாவுக்கும் பஞ்சாபின் முக்த்சருக்கும் பொருந்தும் இது, ஆடி மாதத்தில் குதிரைகள் வந்திறங்கும் ஈரோட்டு மாவட்ட அந்தியூருக்கும் பொருந்தும்.

கால்நடைக் கல்வி நிறுவனங்களின் பங்கும் இங்கே பேசப்பட வேண்டும். ஹிசாரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் நோய் கண்டறிதலிலும் தடுப்பூசியிலும் இனப்பெருக்கத்திலும் செய்த பணி பெரிது. குதிரையின் நடத்தை, அதன் கற்றல் ஆகியவை குறித்த ஆய்வுக்கு இந்தியக் கால்நடைக் கல்வியில் அதே இடம் கிடைத்திருப்பதாகச் சொல்ல இயலாது. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் குதிரைகளும் மட்டக்குதிரைகளுமாக எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 3.4 லட்சம், 2012இல் அவை ஏறத்தாழ 6.25 லட்சம். ஏழே ஆண்டுகளில் பாதிக்குச் சற்றே குறைவான அளவு மறைந்துவிட்டது. எஞ்சியவற்றில் கணிசமானவை ஆண்டுக்குப் பலமுறை சாலையில் செல்பவை. முதுகலை ஆய்வேடு ஒன்றுக்குத் தலைப்புத் தேடும் மாணவருக்கு இங்கே பெருஞ்செலவில்லாத களம் காத்திருக்கிறது. மண்மேட்டில் ஒரு குதிரை தயங்கும் நேரம், கட்டாயப்படுத்தப்பட்ட விதம், ஏறியபின் இதயத் துடிப்பு, இறங்கியபின் உடல் வெப்பம் ஆகியவற்றைப் பதிய ஒரு கடிகாரமும் ஸ்டெதாஸ்கோப்பும் வெப்பமானியும் போதும். உரிமையாளர்கள் பங்கேற்ற ஆஸ்திரேலியக் கணக்கெடுப்பு ஒன்றில், தானே ஏறப் பழக்கப்பட்ட குதிரைகளிடம் பயணச் சிக்கல்கள் குறைவாக இருந்தன. இந்தியச் சாலைக்கும் லாரிக்கும் வெயிலுக்கும் உரிய விடையை இங்கேயே தேட வேண்டியுள்ளது.

குதிரையின் இழப்பைக் குதிரையின் மீதே சுமத்தும் பழக்கம் மிகப் பழையது. நீர்வழியே வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டியர் காலத்தில் காயல் துறையில் அரபுக் குதிரைகள் பெருமளவில் இறங்கின. மாபார் நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகளில் மிகச் சிலவே ஆண்டிறுதியில் உயிரோடு எஞ்சின என்று மார்க்கோ போலோ எழுதினார். எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அவர் கூறும் காரணம் கவனத்துக்குரியது. பராமரிக்கும் அறிவு அங்கே இல்லை. அந்த அறிவுடையோர் அங்கே சென்றுவிடாதபடி குதிரை வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள். குதிரை இறந்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை கிடைக்கும்! இன்றைய லாரி வாடகைக்காரர் மீது அத்தகைய சதியைச் சுமத்துவது அநியாயம். அறியாமையால் ஆதாயம் அடைவோர் இருக்கும்வரை அறியாமை நீடிக்கும் என்பது மட்டும் மாறவில்லை.

இந்த அறியாமையின் விலையைக் குதிரைக்கு அடுத்தபடியாகச் செலுத்துபவர் குதிரைக்காரர்; வடநாட்டில் அவருக்குச் 'சயீஸ்' என்று பெயர். மேட்டில் நடக்கும் இழுபறியில் அவர் நிற்கும் இடம் குதிரையின் மார்புக்கும் வண்டியின் சுவருக்கும் இடையே. உதையும் நசுங்கலும் கயிறு அறுத்த உள்ளங்கையும் அவருடையவை. குதிரையின் காது எந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன பொருள் என்பதை உரிமையாளரைவிட நன்றாக அறிந்தவரும் அவரே. ஆயினும் 'இன்று ஏற்ற வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம்' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. பழக்குவதற்குச் செலவாகும் நாளுக்குக் கூலி தர எவரும் முன்வருவதில்லை. தள்ளுவதற்கு நான்கு பேரை அழைத்தால் அவர்களுக்குத் தேநீரோடு காரியம் முடிகிறது. பொறுமை ஒரு திறன் என்றும், அதற்கு ஊதியம் உண்டு என்றும் ஏற்கப்படாதவரை, கண்கட்டுத் துணியே மலிவான தீர்வாக இருந்துவரும்.

சாரங்கேடாவை இரவில் அடையும் லாரியிலிருந்து குதிரையை இறக்கும் விதம் பற்றியும் ஒரு சொல். பயணம் முடிந்துவிட்டது என்ற களைப்பில் இங்கேதான் கவனம் தளர்கிறது. சாய்தளம் இல்லாத இடத்தில் நிறுத்தி, இருட்டில் குதிக்கவிடுகிறார்கள். மரத்துப்போன கால்களோடு, கீழே ஆழம் எவ்வளவு என்று தெரியாமல் குதிக்கும் குதிரை முழங்கால் மடிந்து விழுந்தால், அடுத்த ஊரில் அது மண்மேட்டருகே நிற்கப்போகும் விதம் அப்போதே முடிவாகிவிடுகிறது. விளக்கைக் குதிரையின் கண்ணில் அடிக்காமல் தரைமேல் அடித்து, மேடு கிடைக்கும்வரை வண்டியை நகர்த்தி, ஒவ்வோர் அடியாகப் பின்னுக்கு இறக்கி, பத்து நிமிடம் கையில் பிடித்து நடக்கவிட்டு, தலை தாழ்ந்து மூக்குச் சீறும்வரை காத்திருந்து, அதன்பின் தண்ணீர் காட்ட வேண்டும். இதற்கு ஆகும் நேரம் அரை மணி.